பழைய லாரியின் கமான் பட்டை: ஒடிந்தது ஒன்று, குற்றவாளி வேறொன்று!

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் உதிரி பாகக் கடைகளுக்குக் குறைவில்லை. கமான் பட்டை, ஷாக் அப்சார்பர், யூ போல்ட், புஷ் என்று பழைய லாரிக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும்.

ஆனால் எதை வாங்குவது? அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

பி.எப். பணத்தை எடுத்து, தம்பிக்கோ மைத்துனருக்கோ பழைய மினி லாரி வாங்கிக் கொடுத்த தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் நம்மவரில் உண்டு. 1986-ம் ஆண்டு வெளிவந்த டாடா 407 போன்ற வண்டிகள் இப்படிக் கை மாறிக் கை மாறி ஓடுகின்றன. அந்த வண்டி பட்டறையில் நின்றுவிட்டால், ஒரு குடும்பத்தின் வருமானமே நின்றுவிடும்.

வண்டி மலைப்பாதையில் நிலை தவறினாலோ, உயிருக்கே ஆபத்து. பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் தொப்பூர் கணவாய் வருகிறது. விபத்துகளுக்குப் பேர் போன இறக்கம் அது. பாரத்தோடு இறங்கும் லாரியின் அச்சு நேராக நிற்க வேண்டும். டயர்கள் ரோட்டை விடாமல் பிடிக்க வேண்டும். அச்சை நிறுத்துவது கமான் பட்டை. டயர் துள்ளாமல் அடக்குவது ஷாக் அப்சார்பர்.

அடிக்கடி ஒடியும் போல்ட்

பட்டைகளை அடுக்கி, நடுவில் உள்ள துளையில் கோர்ப்பது சென்டர் போல்ட். அந்த அடுக்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட்.

சென்டர் போல்ட் ஒடிந்தால் அச்சு இடம் நகர்ந்து, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பட்டறையில் புது போல்ட் போடுவார்கள். சில வாரங்களில் அதுவும் ஒடியும். "மட்டமான போல்ட் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரர் மீது பழி விழும்.

பெரும்பாலும் உண்மையான குற்றவாளி யூ போல்ட்தான். அது தளர்ந்தால் பட்டை அடுக்கு அச்சின் மீது முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவு முழுவதும் சென்டர் போல்ட் மீது விழுந்து அதை வெட்டிவிடுகிறது. பட்டை நடுத்துளை அருகே விரிசல் விடுவதற்கும் இதே காரணம் உண்டு.

யூ போல்ட்டைச் சுற்றிலும் பட்டை உட்காரும் இடத்திலும் துரு உதிர்ந்து, இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால் அங்கே அசைவு இருக்கிறது என்று பொருள்.

பணம் கொடுக்கும் முன்

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். சக்கரத்தின் நடுவில் இருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை, இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் கணிசமாகத் தாழ்ந்திருந்தால், அந்தப் பக்கத்துப் பட்டை படுத்துவிட்டது அல்லது ஒடிந்திருக்கிறது.

பட்டையின் முனையில் உள்ள புஷ்ஷைக் கடப்பாறையால் நெம்பிப் பார்க்கலாம். தாராளமாக ஆடினால் புஷ்ஷும் பின்னும் தேய்ந்துவிட்டன. குண்டு குழியில் "டக் டக்" என்று சத்தம் வருவது பெரும்பாலும் இதனால்தான். பட்டை நன்றாக இருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும்.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கரடுமுரடான ரோட்டில் ஓட்டி வந்தவுடன் தொட்டுப் பார்ப்பது இன்னொரு சோதனை. வேலை செய்வது சூடாக இருக்கும். மற்றவை சூடாக இருக்க, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது சும்மா தொங்குகிறது. டயரில் பள்ளம் பள்ளமாகத் தேய்மானம் இருந்தாலும் ஷாக் அப்சார்பர் மீது சந்தேகம் கொள்ளலாம்.

முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் கோளாறு பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னில். தூக்கிய வண்டிக்குக் கீழே கட்டாயம் முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது.

கூடுதல் பட்டை வேண்டாம்

வண்டி தாழ்ந்துவிட்டால், "இன்னும் ஒரு பட்டை சேர்த்துவிடு" என்று சொல்வது பலருக்கும் பழக்கம். வண்டி உடனே நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்துக் கூடுதல் பாரமும் ஏற்றுவார்கள்.

பட்டை கூடியதால் பிரேக் பலப்படவில்லை. அச்சு, டயர், சேஸிஸ் எதுவும் பலப்படவில்லை. காலியாக வரும்போது விறைத்த பட்டை துள்ளும். துள்ளும் டயர் பிரேக் பிடிக்காது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

ஒடிந்த பட்டையை வெல்டிங் செய்வது அதைவிட ஆபத்து. வெல்டிங் சூட்டில் அந்த இடத்து எஃகின் டெம்பர் போய்விடும். அடுத்த முறை அதன் பக்கத்திலேயே ஒடியும்.

படுத்த பட்டையைத் தட்டி வளைப்பதும் தற்காலிகம்தான். எஃகைச் சுமார் 850 டிகிரிக்கு மேல் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றினால்தான் வளைவு நிற்கும். வெறும் சுத்தியல் அடிக்கு அது நிற்காது.

எதை முதலில் செய்வது?

கையில் பணம் குறைவு என்றால், முதல் செலவு யூ போல்ட், புஷ், பின் ஆகியவற்றுக்கு. விலை குறைந்த இவைதான் விலை கூடிய பட்டையைக் காப்பாற்றுகின்றன. அடுத்தது ஷாக் அப்சார்பர். ஒடிந்த பட்டை, விரிசல் விட்ட பட்டை, ஆடும் கிங் பின் இவற்றுக்கு மட்டும் தவணை கிடையாது. அவற்றை மாற்றும் வரை வண்டி ஓடக் கூடாது.

ஷாக் அப்சார்பரானாலும் பட்டை செட்டானாலும் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி சாய்ந்து நிற்கும். கழற்றிய யூ போல்ட்டை மீண்டும் போடக் கூடாது. இழுபட்ட இரும்பு முன்போல் பிடிக்காது.

ரப்பர் புஷ் போடும்போது, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

எட்டு ஆண்டு தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். வண்டியை எப்படியும் பட்டறையில் விடும் அந்தச் சமயத்தில் இவற்றையும் பார்த்துவிடலாம்.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்த பிறகும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. பாரத்தோடு சில நூறு கிலோ மீட்டர் ஓடியதும் புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று அழுந்தி உட்காரும். யூ போல்ட் சற்றே தளரும். அப்போது மறுபடி சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. அதை மறந்தால், புதுப் பட்டையும் பழைய பட்டை போன வழியே போகும்.