ஆங்கிலச் சொல்லழுத்தமும் குழந்தையின் செவியும்

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதக் கற்ற மாணவர் பலரின் பேச்சு, வெளிநாட்டார்க்கு எளிதில் விளங்குவதில்லை. இதற்கு எழுத்தொலி மட்டும் காரணமன்று. சொல்லழுத்தம் இடம் மாறுவதும் காரணமாகும்.

தமிழில் பொருளை வேறுபடுத்துவது குறில் நெடில் அளவு: படம், பாடம். அரபியிலும் அவ்வாறே, 'கதப' என்றால் எழுதினான், 'காதப' என்றால் கடிதத் தொடர்பு கொண்டான். அரபியில் அழுத்தம் உண்டெனினும், அது பெரும்பாலும் அசையின் கனத்தைப் பின்பற்றி அமைவதால் பொருளை மாற்றுவதில்லை. ஆங்கிலமோ வேறு. 'ரெக்கார்ட்' என்னும் சொல்லின் முதலசையை அழுத்தினால் பதிவு என்னும் பெயர். இரண்டாமசையை அழுத்தினால் பதிவு செய்தல் என்னும் வினை. அழுத்தம் பெறாத உயிரொலி பெரும்பாலும் தேய்ந்துவிடும்.

ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தை இதனை எவ்வாறு அறிகிறது? பீட்டர் யூசிக், ஆன் கட்லர் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் முதலசை அழுத்தம் பெற்ற சொற்களையே நெடுநேரம் செவிமடுத்தனர். 6 மாதக் குழந்தைகளிடம் அவ்விருப்பம் காணப்படவில்லை. ஆங்கிலப் பேச்சில் மிகுந்துள்ள அமைப்பை இடைப்பட்ட மாதங்களில் செவி உள்வாங்கிவிடுகிறது. வன்மையான அசை கேட்டதும் புதுச்சொல் தொடங்கிற்று எனக் குழந்தை கொள்கிறது. 'பனானா'வை மழலையர் 'நானா' எனச் சுருக்குவதும் மென்மையான முதலசையை விட்டுவிடுவதாலேயே.

நம் பிள்ளைகளுக்கோ ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஏட்டின் வழியே வருகிறது. எழுத்துக்கூட்டில் அழுத்தக் குறி இல்லை. எனவே தமிழ் வழக்கப்படி எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே வன்மையுடன் ஒலிக்கின்றனர். வீட்டில் முதன்முதலாகப் பள்ளி செல்லும் மலைவாழ் பிள்ளைக்கு ஆசிரியரின் வாய்மொழி ஒன்றே துணை.

ஆகவே, சொல்லைக் காட்டுமுன் கேட்கச் செய்தல் நலம். வன்மையான அசையில் கைதட்டச் செய்யலாம். போட்டோகிராப், போட்டோகிராபர், போட்டோகிராபிக் ஆகியவற்றில் அழுத்தம் முறையே முதல், இரண்டாம், மூன்றாம் அசைக்கு நகர்வதை ஒப்பிட்டுக் காட்டலாம். அகராதியில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னுள்ள சிறு நிமிர்கோட்டை அடையாளம் காணப் பழக்கலாம்.

குர்ஆன் ஓதுதலில் 'மத்'தின் அளவை ஏட்டினால் மட்டும் கற்க இயலாது. உஸ்தாதின் ஓதலைக் கேட்டே கற்கிறோம். ஆங்கிலத்திற்கும் அம்முறை பொருந்தும். ஆங்கிலேயரைப் போல் நடிப்பது நோக்கமன்று. பிள்ளை சொல்வது கேட்போர்க்கு விளங்க வேண்டும் என்பதே நோக்கம்.