அந்த டிரைவரில் கை வைக்காதீர்கள்

லேப்டாப் வேகமாக ஓட வேண்டும், சி டிரைவில் இடம் வேண்டும் என்று டிவைஸ் மேனேஜரைத் திறக்கிறார்கள். டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் இன்டெல், என்விடியா என இரண்டு பெயர்கள். "கேம் விளையாட என்விடியா போதுமே" என்று இன்டெல் டிரைவரை அழித்துவிடுகிறார்கள். கல்லூரி மாணவர்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். பிறகு பதறிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே "போர்டு போயிடுச்சு" என்ற பதில் கிடைக்கிறது.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் பெரும்பாலும் திரை இணைந்திருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்போடுதான். என்விடியா வரைந்து தரும் படமும் அதன் வழியாகவே திரைக்கு வருகிறது. அந்த டிரைவர் போனால் மைக்ரோசாஃப்டின் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் மட்டும் மிஞ்சும். எழுத்துகள் பெரிதாகி மங்கும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, வீடியோ திக்கும், ஸ்லீப் வசதி காணாமல் போகும், எச்டிஎம்ஐ மானிட்டர் வேலை செய்யாமல் போகலாம். டிரைவரை நீக்கிய மறுநிமிடமே இவையெல்லாம் தொடங்கினால் போர்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

முதலில் இணையத்தை இணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீக்கும்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா என்று கேட்ட கட்டத்தில் டிக் போடாதிருந்தால், விண்டோஸ் தன்னிடமுள்ள பிரதியிலிருந்து அதைத் திரும்ப நிறுவிக்கொள்ளும். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பாருங்கள். அங்கும் கிடைக்காவிட்டால், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை, டெல் என்றால் சர்வீஸ் டேக்கை, தயாரிப்பு நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் கொடுத்து, உங்கள் மாடலுக்குரிய கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்குங்கள். இன்டெல் சிப்புக்கான டிரைவரை முதலில் நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, அதன்பின் என்விடியாவை நிறுவுங்கள்.

திரை முழுக்க இருண்டிருந்தால், விண்டோஸ் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வரும். அதிலிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம். வட்டிலுள்ள தகவல்களைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க எண்ணைக் கேட்டால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொரு போனில் பாருங்கள். அந்த எண்ணைத் தேடி எடுப்பதற்குள் ஃபார்மேட் செய்ய ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்; புராஜெக்ட், புகைப்படம் எல்லாம் போய்விடும்.

எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் சரிசெய்வதாக விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை இறக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், இறக்காதீர்கள். பலவும் தேவையற்ற நிரல்களையும் சேர்த்தே திணிக்கின்றன.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், டிரைவரை நீக்கியதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். என்ன பழுது, என்ன மாற்றப்போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். போர்டை மாற்றினால் பழைய போர்டைத் திருப்பிக் கேளுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். செய்த வேலைக்கு பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ஐந்நூறு ரூபாய்க்கு பில் கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் பிறகு ஆதாரமில்லாமல் நிற்கிறார்கள்.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. பில்லையும், எழுதி வாங்கிய சீட்டையும், பணம் அனுப்பியதற்கான ரசீதையும் புகாரோடு இணையுங்கள்.