பாரமேற்றிய காரின் பின்புறம்

திருமலைக்குக் காரில் செல்வோர் அனைவரும் அலிபிரியில் நின்றே ஆகவேண்டும். அங்குள்ள சாவடியில் ஆட்களையும் மூட்டைகளையும் சோதித்த பின்னரே வண்டிகளை மலைப்பாதையில் விடுகின்றனர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அந்த வரிசையைப் பாருங்கள். தமிழ்நாட்டு எண் தாங்கிய கார்கள் எத்தனை! ஒவ்வொன்றிலும் ஆறு பேர், ஏழு பேர். பின்னால் பைகள், கூரையின்மேல் பெட்டிகள். பல வண்டிகளின் முன்புறம் நிமிர்ந்தும் பின்புறம் தரையை நோக்கித் தாழ்ந்தும் நிற்கக் காண்கிறோம்.

இது வண்டியின் கோளாறா? ஏற்றிய பாரத்தின் மிகுதியா? கோளாறு எனின், எந்த உறுப்பில்? நம்மில் பலருடைய உறவினர் மலைக்கு வரும்போது நம் விடுதிக்கும் வந்து போகின்றனர். அவர்களுக்கு உதவும் என்று எண்ணியே, பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு உறுப்புகளைப் பிரித்து அறியவேண்டும். ஒன்று வில், மற்றது ஷாக் அப்ஸார்பர். பழைய அம்பாசடர் காரின் பின்புறம் பட்டை வில்கள் இருந்தன. 2014 இல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றது. இன்றைய குடும்பக் கார்களில் பெரும்பாலும் சுருள்வில்லே உள்ளது. எந்த வில்லாயினும் அதன் வேலை பாரத்தைத் தாங்குவது. ஷாக் அப்ஸார்பரின் வேலை வேறு. வில் மேலும் கீழும் ஆடும் ஆட்டத்தை அடக்குவதே அது. சாதாரண ஷாக் அப்ஸார்பர் பாரத்தைத் தாங்குவதில்லை. ஆகவே, நின்ற இடத்திலேயே வண்டி தாழ்ந்திருந்தால் குற்றம் ஷாக் அப்ஸார்பருடையது அன்று.

இந்த வேறுபாட்டை அறியாததால் பணம் வீணாவதை என் பெரியப்பா வீட்டிலேயே கண்டேன். பேத்திக்கு முடியிறக்க ஏழு பேருடன் ஆரணியிலிருந்து வந்தார். பள்ளம் வந்தபோதெல்லாம் பின்னால் ‘டொம்’ என்று இடித்தது. ஊரில் ஒரு பட்டறையில் இரண்டு ஷாக் அப்ஸார்பர்களையும் மாற்றினார்கள். அடுத்த பயணத்திலும் அதே இடி! பிறகு நான் ஊருக்குச் சென்றபோது ஓர் அளவுநாடாவைக் கொண்டு சோதித்தேன்.

சோதனை மிக எளிது. டயர்களில் சரியான காற்றை அடைத்து, வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளவெடுங்கள். இருபக்கமும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், வழக்கம்போல் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி மீண்டும் அளவெடுங்கள். அதே ரகத்தைச் சேர்ந்த புதிய வண்டி ஒன்று கிடைத்தால் அதையும் அவ்வாறே அளந்து ஒப்பிடுங்கள்.

புதிய வண்டியில் காலி உயரம் 40 செ.மீ.; பாரத்துடன் 34 செ.மீ. பெரியப்பாவின் வண்டியில் காலியாகவே இடப்புறம் 37, வலப்புறம் 36. பாரத்துடன் 31, 30. இவ்வெண்கள் கூறுவது யாது? பாரம் ஏற்றியபோது இரு வண்டிகளும் 6 செ.மீ. தான் இறங்கின. பாரத்திற்கு ஏற்ப வில் அமுங்கும் என்று இராபர்ட் ஹூக் 1678 இல் வெளியிட்ட விதியை நாம் அறிவோம். ஒரே பாரத்திற்கு ஒரே அமுக்கம் என்றால் வில்லின் விறைப்பு குறையவில்லை. ஆனால் நெடுநாள் பாரத்தால் வில் நிலையாகவே குட்டையாகிவிட்டது. அதனால் மேலே இடிக்காமல் காக்கும் ரப்பர் கட்டைக்கும் அச்சுக்கும் இடையே உள்ள இடைவெளி சுருங்கி, சிறு பள்ளத்திலும் இடித்தது. பின்வில்கள் இரண்டையும் சோடியாக மாற்றினார்கள்; இடி நின்றது.

இதிலிருந்து ஒரு பொதுவிதி பெறலாம். காலி உயரமே குறைவு எனில் வில் தளர்ந்துள்ளது. காலி உயரம் சரியாக இருந்து, அளவான பாரத்திலேயே ஒரு பக்கம் மட்டும் மிகுதியாக இறங்கினால், அப்பக்கத்து வில்லில் முறிவு உண்டா என்று பாருங்கள். பட்டை வில்லில் ஒரு பட்டை உடைந்திருக்கலாம். இரண்டு அளவுகளும் புதிய வண்டியை ஒத்திருந்தும் இடிக்கிறது எனில் பாரமே மிகுதி.

ஷாக் அப்ஸார்பரின் தளர்ச்சியை வேறு வகையில் அறியலாம். வண்டியின் பின்மூலையை அழுத்திக் கையை எடுங்கள். எழுந்து ஒருமுறை ஆடி நின்றால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினாலும், அதன் உடலில் எண்ணெய் கசிந்திருந்தாலும், டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் ஐயம் கொள்க. சிறு கல்லில் ஏறும்போது ‘தட தட’ என்று ஒலித்தால் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்களைப் பார்க்கவேண்டும்.

காலி வண்டியில் நன்றாயிருக்கும் ஷாக் அப்ஸார்பர் பாரத்தில் தளர்ந்ததுபோல் தோன்றுவது ஏன்? வில்லின்மேல் உள்ள நிறை ஒன்றரை மடங்கானால் ஆட்டத்தைத் தணிக்கும் விகிதம் ஏறக்குறைய 18 சதவீதம் குறைகிறது. ஆகவே இச்சோதனையைப் பாரத்துடனும் ஒருமுறை செய்வது நல்லது.

பாரத்தை வைக்கும் இடமும் முக்கியம். முன், பின் அச்சுகளுக்கு இடைத்தொலைவு 2.5 மீட்டர் என்று கொள்வோம். பின்னச்சுக்கு 80 செ.மீ. பின்னால் 100 கிலோ வைத்தால், பின்சக்கரங்கள் 132 கிலோ தாங்கும். முன்சக்கரங்கள் 32 கிலோ இழக்கும். ஸ்டீயரிங் இலேசாவதும், முன்விளக்கு எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்வதும் இதனாலேயே. கனமான பெட்டியைப் பின்னிருக்கையை ஒட்டித் தரையில் வையுங்கள். கூரையில் ஏற்றினால் வளைவுகளில் வண்டி மிகுதியாகச் சாயும்.

சிலர் சுருள்வில்லின் இடையே ரப்பர் வளையம் செருகியும், பட்டை ஒன்று கூட்டியும் வண்டியை உயர்த்துகின்றனர். வண்டி நிமிர்ந்து நிற்கும், உண்மைதான். ஆனால் டயரும் அச்சும் பிரேக்கும் தாங்கும் பாரம் ஒரு கிலோவும் குறைவதில்லை. திருமலைக்கு 1944 இல் முதல் மலைப்பாதையும் 1974 இல் இரண்டாவதும் திறக்கப்பட்டன. இன்று புதிய பாதையில் ஏறி, வளைவுகள் மிகுந்த பழைய பாதையில் இறங்குகிறோம். இறக்கம் ஏறத்தாழ 700 மீட்டர். 500 கிலோ பாரம் அவ்வளவு தூரம் இறங்கும்போது ஏறக்குறைய 35 இலட்சம் ஜூல் ஆற்றலை எஞ்சினும் பிரேக்குமே அடக்கவேண்டும். வில்லை விறைப்பாக்குவதால் இதில் ஒன்றும் குறையாது. ஆதலால் தாழ்ந்த கியரில் இறங்குக; தயாரிப்பாளர் குறித்த நிறை எல்லையைக் கடவாதிருக்க.

நண்பர்களே, அடுத்த முறை உறவினர் வண்டி விடுதி வாயிலில் வந்து நிற்கும்போது, காப்பி வாங்கிக் கொடுப்பதோடு அளவுநாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். அளவு மிகையெனக் கண்டால் இரண்டு பேரும் இரண்டு பெட்டிகளும் பேருந்தில் ஏறட்டும். மலையேறுவது போலவே நலமாக இறங்கி வருவதும் யாத்திரையின் பகுதியே அல்லவா?