தாடைக்குள்ள ஒரு கட்டி: அதுக்கு ரத்தம் கொண்டுவர்றது யாரு?

இன்னைக்கு எபிசோட் ஒரு 5 வயசுப் பெண் குழந்தையோட கீழ்த்தாடையைப் பத்தினது. 1999-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த உண்மையான கேஸ் இது.

அந்தக் குழந்தையோட தாடை எலும்புக்குள்ள வேகமா வளர்ற ஒரு பெரிய கட்டி. பேரு 'ஜெயன்ட் செல் ட்யூமர்'. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. 2 மாசத்துல திரும்ப வந்தது. மறுபடி எடுத்தாங்க. 4 மாசத்துல திரும்ப வந்தது.

தாடையில வர்ற இந்த வகைக் கட்டி பொதுவா புற்றுநோய் மாதிரி உடம்பெல்லாம் பரவாது. ஆனா இருக்கிற இடத்துல எலும்பைக் கரைச்சுக்கிட்டே போகும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டினா, எலும்போட சேர்த்து முளைக்க வேண்டிய பற்களும், கீழுதட்டுக்கு உணர்வு தர்ற நரம்பும் போகலாம். 5 வயசுல இது சின்ன இழப்பு இல்லை.

அதனால மருத்துவர்கள் வேற ஒரு கேள்வி கேட்டாங்க. இந்தக் கட்டி வளர ரத்தம் எங்கிருந்து வருது?

பல் பிடுங்கின குழியில என்ன நடக்குது?

முதல்ல ஒரு சாதாரண விஷயத்தைப் பார்ப்போம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டாங்கன்னு வைங்க. அந்தக் குழியில ரத்தம் உறையும். கொஞ்ச நேரத்துல நோய் எதிர்ப்பு செல்கள் வந்து சேரும். அதுல முக்கியமானது மேக்ரோஃபேஜ், அதாவது பெருவிழுங்கு செல். கிருமியையும் செத்த செல்லையும் விழுங்குறது அதோட ஒரு வேலை. இன்னொரு வேலை, ஆக்சிஜன் குறைவா இருக்குன்னு தெரிஞ்சா, வி.இ.ஜி.எஃப் மாதிரி புரதங்களை வெளியே விடுறது. அந்த சிக்னல் கிடைச்சதும் பக்கத்துல இருக்கிற ரத்தக் குழாய்ல இருந்து புதுக் கிளைகள் முளைக்கும்.

நம்ம துறையில சொல்லணும்னா இது ஆட்டோ ஸ்கேலிங். லோடு ஏறினா சர்வர் கூடும், இறங்கினா குறையும். புண் ஆறினதும் சிக்னல் நிக்கும், தேவையில்லாத குழாய்கள் மறைஞ்சுபோகும்.

கட்டியில அந்த சிக்னல் நிக்கிறதே இல்லை. 1986-ல் ஹெரால்ட் ட்வோராக் என்ற நோயியல் மருத்துவர், கட்டிகளை 'ஆறாத புண்கள்'னு விவரிச்சார். புண்ணை ஆத்த வந்த அதே செல்கள், அதே புரதங்கள், இப்போ கட்டிக்கு சப்ளை லைன் போட்டுக் கொடுக்குது.

அதுக்கு முன்னாடியே, 1971-ல், ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர் சொன்ன விஷயமும் இதோட சேரும். புது ரத்தக் குழாய் இல்லாம ஒரு கட்டி சில மில்லிமீட்டரைத் தாண்டி வளர முடியாது. அப்போ குழாயைத் தடுத்தா கட்டியையும் தடுக்கலாமே?

ஜெயன்ட் செல் யாரு?

இந்தக் கட்டியை மைக்ராஸ்கோப்ல பார்த்தா, நிறைய நியூக்ளியஸ் இருக்கிற ராட்சத செல்கள் தெரியும். அதுங்க மேக்ரோஃபேஜோட சொந்தக்காரங்கதான். ரத்தத்துல வர்ற மோனோசைட் வம்சத்து செல்கள் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு உருவாகுது. எலும்பைக் கரைக்கிறது இந்த ராட்சதர்கள். அவங்களைக் கூப்பிட்டு வேலை வாங்குறது கட்டியோட மத்த செல்கள்.

ஒரு வருஷ ஊசி

அந்தக் குழந்தையோட சிறுநீர்ல, ரத்தக் குழாயை வளர்க்கிற பி.எஃப்.ஜி.எஃப் புரதம் வழக்கத்தைவிட அதிகமா இருந்தது. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா இந்தப் புரதத்தோட உற்பத்தியைக் குறைக்கும். வைரஸ் வந்தா நம்ம செல்களே சுரக்கிற எதிர்ப்பு மண்டலத் தூதுவன்தான் இன்டர்ஃபெரான். குழந்தைகளுக்கு வர்ற ரத்தக் குழாய்க் கட்டிகள்ல அது ஏற்கனவே பலன் தந்திருந்தது.

அதனால தினமும் தோலுக்கு அடியில ஒரு ஊசி, ஒரு வருஷம். கட்டி சுருங்கி மறைஞ்சது. சிறுநீர்ல அந்தப் புரதம் இயல்பான அளவுக்கு வந்தது. தாடை எலும்பு தானாவே திரும்ப வளர்ந்தது! மருந்தை நிறுத்தி 3 வருஷம் ஆகியும் கட்டி வரலைன்னு அந்தக் கட்டுரை சொல்லுது. அதை எழுதினவங்கள்ல ஃபோக்மனும் ஒருத்தர்.

உடனே கொண்டாடலாமா?

ஒரே ஒரு நோயாளியை வெச்சு எல்லாருக்கும் முடிவு சொல்ல முடியாது. பின்னாடி இதே மருத்துவர் குழு, பல்லையும் நரம்பையும் விட்டுட்டு கட்டியை மட்டும் சுரண்டி எடுத்து, அப்புறம் இன்டர்ஃபெரான் கொடுக்கிற முறைக்குப் போனாங்க. இந்த மருந்துக்கு விலையும் உண்டு. காய்ச்சல், சோர்வு வரும். கைக்குழந்தைகள் சிலருக்கு காலை இறுக்கிப்போடுற நரம்புப் பாதிப்பும் வந்திருக்கு. இப்போ, ராட்சத செல்கள் உருவாகுற சிக்னலையே தடுக்கிற டெனோசுமாப் மருந்தும் இருக்கு.

இதுல நம்ம வீட்டுக்குத் தேவையான ஒரு பாயின்ட். ரத்தக் குழாயைத் தடுக்கிற பெவாசிசுமாப், எலும்புக் கரைவைத் தடுக்கிற டெனோசுமாப், சோலெட்ரோனிக் அமிலம் மாதிரி மருந்து எடுக்கிறவங்க உங்க வீட்ல இருந்தா, பல் பிடுங்கும் முன்னாடி பல் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. பல் குழி ஆறுறதுக்கும் அதே குழாய்களும் அதே செல்களும் வேணும். அது கிடைக்கலைன்னா சிலருக்குத் தாடை எலும்பே செத்துப்போகலாம். அதுக்காக டாக்டரைக் கேட்காம மருந்தை நீங்களா நிறுத்திடாதீங்க.

தாடையில வீக்கம், காரணமில்லாம ஆடுற பல், கீழுதட்டுல மரத்துப்போன உணர்வு, இதுல எது இருந்தாலும் தள்ளிப்போடாம காட்டிடுங்க. ஒரு எக்ஸ்ரே நிறைய விஷயம் சொல்லிடும்.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.