நாடி பிடிக்காத வைத்தியம்

"நாடியைத் தொட்டுப் பாராமல் வைத்தியமாவது!" என்று பாட்டிமார் மோவாயில் கை வைப்பார்கள். டாக்டர்கள் சிலருக்குமே அந்தச் சந்தேகம் உண்டு.

2000-ம் ஆண்டில் ஆந்திரத்து அரகொண்டா கிராமத்தின் அப்போலோ ஆஸ்பத்திரி, தொலைத்தொடர்பு மூலம் நகரத்து நிபுணர்களோடு இணைந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பட்டணம் வந்த தாய்க்கல்லவா தெரியும் அதன் அருமை! அன்று தொட்டு இம்முறைக்காக வாதாடியவர்களில் ஒருவர், சென்னை மூளை அறுவை நிபுணர் டாக்டர் கே. கணபதி.

சட்டமோ தெளிவாக வாய் திறக்கவில்லை. தொலைமருத்துவ விதிகள் வெளியான நாள் 2020 மார்ச் 25. ஊரடங்கு தொடங்கிய அதே நாள்! இருபது வருஷமாகக் கேட்டது, ஊரே வீட்டுக்குள் அடைபட்ட பிறகுதான் கிடைத்தது.

மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் ஒன்று. பார்த்து வாங்குங்கள், அம்மணி!