கியர் பெட்டியும் அதன் எண்ணெயும்

மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், ஏற்காட்டிலிருந்து சேலத்திற்குக் காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையிறங்கும்பொழுது பிரேக்கை மட்டும் நம்புதல் ஆகாது. கீழ்க் கியரில் வண்டியைச் செலுத்தி, எஞ்சினையே ஒரு தடையாகப் பயன்படுத்த வேண்டும். வளைவு ஒன்றை நெருங்கியதும் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்ற முயன்றேன். கியர் ராடு நகர மறுத்தது. அழுத்தித் தள்ளினேன், இரும்பை இரும்பு கடிக்கும் ஓசை எழுந்தது. எந்தக் கியரிலும் சேராத வண்டி சரிவில் விரைவு கொண்டது. என் அருகில் என் மகள் அமர்ந்திருந்தாள். பிரேக்கைப் பலமாக மிதித்து, பாதையோரச் சுவரை ஒட்டி ஒருவாறு நிறுத்தினேன். பின்னர் முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரம் சேர்ந்தோம்.

கீழே ஒரு பட்டறையில், கியர் பெட்டியைப் பிரித்து உள்ளுறுப்புகளை மாற்றியாக வேண்டும் என்றனர். அவர்கள் கூறிய தொகை எனது இரண்டு மாத ஊதியம். வேறொருவரையும் கேட்போம் என்று எண்ணி, முதியவரான ஒரு மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டார். “எல்லாக் கியரும் முரண்டு பிடிக்கிறதா, இரண்டாவது மட்டுந்தானா? எஞ்சின் நின்றிருக்கும்போது எப்படி விழுகிறது? கியர் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், ஐயா?”

இக்கேள்விகளின் பொருளை உணர, கியர் பெட்டியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

இக்காலத்துக் கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்சக்கரங்கள் யாவும் எப்பொழுதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் கியர் மாற்றும்பொழுது பற்சக்கரம் நகர்வதில்லை. தண்டின் மீதுள்ள ஓர் உறை நகர்ந்து, வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கிறது. ஆனால் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டைப் பிணைத்தல் எங்ஙனம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டாம் கியரில் எஞ்சின் 2 சுற்றுச் சுற்றினால் வெளித்தண்டு 1 சுற்றுச் சுற்றுகிறது என்றும், மூன்றாம் கியரில் எஞ்சினின் 1.5 சுற்றுக்கு வெளித்தண்டு 1 சுற்று என்றும் கொள்வோம். வண்டி ஓடும் வேகத்தில் வெளித்தண்டு நிமிடத்திற்கு 1,500 முறை சுழல்கிறது. மூன்றாம் கியரில் உள்தண்டின் வேகம் 2,250 சுற்று. இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டுமாயின், அது 3,000 ஆக உயர வேண்டும். நாம் கிளட்சை மிதித்து ராடை இழுக்கும் அந்தக் கணப்பொழுதில், 750 சுற்று வேறுபாட்டை யாரேனும் சரிசெய்தாக வேண்டும் அன்றோ?

முற்காலத்தில் அவ்வேலை ஓட்டுநருடையது. கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் ஆக்ஸிலேட்டரைத் தட்டி, காதால் கேட்டே வேகத்தைப் பொருத்துவார். 1928 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கெடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு வந்தது. அதன் பின்னர் அப்பணி ஒரு சிறு வளையத்தின் பொறுப்பாயிற்று. பெரும்பாலும் பித்தளையிலோ அதை ஒத்த செம்புக் கலவையிலோ செய்யப்படும் இந்தச் சிங்க்ரோ வளையம், பற்சக்கரத்தின் கூம்பு வடிவப் பகுதியில் சென்று அழுந்துகிறது. அந்த உராய்வினால் இரண்டின் வேகமும் ஒன்றாகின்றன. அதன் பிறகே உறை உள்ளே செல்கிறது. ஓடும் பேருந்தில் ஏறுகின்றவன் முதலில் அதனோடு ஓடித் தன் வேகத்தைப் பொருத்திக்கொள்கிறான் அல்லவா? மனிதர் செய்யத் தகாத அச்செயலை இவ்வளையம் நாள்தோறும் பல நூறு முறை செய்கிறது.

இங்கேதான் எண்ணெயின் விந்தை இருக்கிறது. கியர் பெட்டியின் எண்ணெய்க்கு ஒன்றுக்கொன்று முரணான இரு கடமைகள் உண்டு. பற்களுக்கிடையே அது வழுக்க வேண்டும்; வளையத்திற்கும் கூம்பிற்கும் இடையே அது வழிவிட்டு விலகி, பிடிப்பை அனுமதிக்க வேண்டும். இதற்கெனவே வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து ஒதுக்குகின்றன. எண்ணெய் மிகத் தடித்திருந்தால் அப்படலம் உரிய நேரத்தில் விலகாது. எண்ணெய் மிகையாக வழுக்குமாயின் வளையம் பாசி படிந்த குளத்துப் படியில் கால் வைத்தது போலாகும்.

என் வண்டியில் இவ்விரண்டு குறைகளும் இருந்தன. அவற்றை உண்டாக்கியவன் நானே. சில மாதங்களுக்கு முன் கடையில் நானே தேர்ந்து வாங்கி ஊற்றச் செய்த எண்ணெயின் டப்பாவில் ‘85 டபிள்யூ-140, ஜி.எல்.-5’ என்றிருந்தது. வண்டியின் கையேட்டிலோ ‘75 டபிள்யூ-80, ஜி.எல்.-4’ என்று அச்சிட்டிருந்தது. எண் பெரிதானால் தரமும் உயர்ந்தது என்று நான் எண்ணிக்கொண்டேன். தேர்வு மதிப்பெண்ணில் அது சரியாகலாம், எண்ணெயில் சரியாகாது.

டபிள்யூ என்னும் எழுத்தோடு வரும் எண் குளிரில் எண்ணெய் நடந்துகொள்ளும் முறையையும், அடுத்த எண் சூடான நிலையில் அதன் தடிப்பையும் குறிக்கின்றன. 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 140 எண் கொண்ட எண்ணெய், 80 எண் கொண்டதைவிட இருமடங்குக்கும் மேல் தடித்தது. மலைக்குளிரில், வண்டியைக் கிளப்பிய சில நிமிடங்களில், அந்த எண்ணெய் பாகு போல் கிடந்ததில் வியப்பில்லை.

ஜி.எல். என்பது எண்ணெய் எவ்வகைப் பணிக்கு உரியது என்பதைக் காட்டுவது. ஐந்தாம் வகை, பின் அச்சிலுள்ள ஹைபாய்டு என்னும் பற்சக்கரங்களுக்காகப் பிறந்தது. அங்கே பற்கள் பெரும் அழுத்தத்தில் ஒன்றன்மேலொன்று சறுக்குகின்றன. அவற்றைக் காக்கக் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மங்களை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். சிங்க்ரோ வளையத்திற்கு வேண்டிய பிடிப்பை அவை கெடுக்கக்கூடும். சில கலவைகள் பித்தளையையும் அரிக்கும். இரு பணிக்கும் ஏற்றவாறு செய்யப்பட்ட எண்ணெய்களும் இன்று உண்டு. ஆயினும் கையேடு கூறுவதே நமக்கு வழிகாட்டி.

இனி, முதியவரின் முதல் இரு கேள்விகளுக்கு வருவோம். எஞ்சின் நின்றிருக்கும்பொழுது கியர்கள் எளிதில் விழுந்து, ஓடும்பொழுது எல்லாக் கியரும் முரண்டு பிடித்தால், குற்றம் பெரும்பாலும் கிளட்சினுடையது. எண்ணெயை மாற்றிப் பயனில்லை. ஒரே ஒரு கியர் மட்டும் முரண்டு பிடித்தால், அதற்குரிய வளையத்தையும் எண்ணெயையும் ஐயுற வேண்டும். என் வண்டி இரண்டாம் வகை.

எண்ணெய் மாற்றும் வேலையை அருகிருந்து பார்த்தேன். எண்ணெய் எளிதில் வடிவதற்காக வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கினார். சமதளத்தில் உயர்த்தி, தாங்கிகளின்மேல் உறுதியாக நிறுத்தினார். முதலில் வடிக்கும் திருகைத் தொடவில்லை. ஊற்றும் திருகைத்தான் கழற்றினார். “இது துருப்பிடித்து வரமாட்டேன் என்றால், உள்ளே இருப்பதை வடித்துவிட்டு என்ன செய்வது?” என்றார். அந்த ஒரு சொல்லில் அனுபவத்தின் முழு அறிவும் இருந்தது.

வடிந்த எண்ணெயில் பொன்னிறத் துகள்கள் மின்னின. அவை தேய்ந்த பித்தளை. திருகிலிருந்த காந்தத்தில் மை போன்ற நுண்ணிய இரும்புத் தூள் ஒட்டியிருந்தது, அது இயல்பானது. உடைந்த பல்லின் துண்டுகள் இருந்திருப்பின் பெட்டியைப் பிரிப்பதே வழியாகும். அவை இல்லை. காந்தத்தைத் துடைத்து, புதிய வாஷர் இட்டு மூடி, கையேடு கூறிய எண்ணெயை ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும் வரை நிரப்பினார். ஏறத்தாழ 2 லிட்டர் சென்றது. பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மறுசுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் கொடுப்பதற்கென்று தனியே வைத்தார்.

அடுத்த நாள் இரண்டாம் கியர் சிறிதும் தடையின்றி விழுந்தது. ஆனால் முழு உண்மையையும் கூற வேண்டும். குளிர்ந்த காலையில், முதல் சில நிமிடங்களுக்கு மட்டும், அந்தக் கியர் இன்றும் சற்றே தயங்குகிறது. தேய்ந்துபோன பித்தளையை எண்ணெய் மீண்டும் வளர்த்துத் தராது. என் அறியாமை விளைத்த தேய்வு அது. அத்தயக்கத்தை உணரும்போதெல்லாம் ராடை வலிந்து தள்ளாமல், ஒரு கணம் பொறுத்து அழுத்துகிறேன். வளையம் தன் வேலையை முடித்ததும் கியர் தானே ஏற்கிறது.

இயந்திரம் முரண்டு பிடிக்கும்போது அதனைப் பழிப்பது எளிது. பிரித்து எறிவதும் எளிது. நாம் அதற்கு என்ன கொடுத்தோம் என்று முதலில் கேட்பதே அறிவுடைமை. சென்ற மாதம் மீண்டும் ஏற்காடு சென்று, அதே வளைவில் இறங்கினோம். இரண்டாம் கியர் ஓசையின்றி விழுந்தது. என் மகள் அதனைக் கவனிக்கவே இல்லை. ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.