பிஸ்டியூலா போட்ட கை: "இந்தக் கையில வேணாங்க" என்று சொல்லப் பழகுங்கள்



"மெஷினுக்குப் போறாரு" என்றால் இப்போது லயத்துப் பிள்ளைகளுக்கும் விளங்குகிறது. சீனி வருத்தத்தையும் பிரஷரையும் பல வருடம் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் பழுதாகும். வேறு காரணங்களும் உண்டு. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்ய முடியாத நிலை வந்துவிட்டால், இரத்தத்தை மெஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அதுதான் டயலிசிஸ். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, தடவைக்கு நாலு மணித்தியாலம் அளவில் படுத்திருக்க வேண்டும். அந்த நோயைப் பற்றி இன்னொரு இதழில் எழுதலாம். இன்று எழுத வந்தது, அந்த ஆட்களின் கையில் போட்டிருக்கும் பிஸ்டியூலாவைப் பற்றி.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. கவ்வாத்து வேலை செய்த ஒருவருக்கு இடது மணிக்கட்டில் பிஸ்டியூலா போட்டிருந்தார்கள். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. ஒரு நாள் அவருக்குக் கடும் வயிற்றோட்டம். தோட்ட வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். நானும் கூடப் போனேன். அங்கே சேலைன் ஏற்ற வந்தவர்கள், நரம்பு தடிப்பாகத் தெரிகிறதே என்று அந்த இடது கையிலேயே ஊசியைக் குத்தினார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு அப்போது இது தெரியாது. அடுத்த நாள் கையில் ஓடிய அதிர்வு நின்றுவிட்டது. அவர் அதை வீட்டில் கூடச் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து மெஷினுக்குப் போனபோதுதான், உள்ளே இரத்தம் கட்டி அடைபட்டுவிட்டது என்று தெரிந்தது.

பிறகு நான் கேட்டேன், "ஏன் அண்ணே, அந்தக் கையில வேணாமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" அவர் சொன்னது: "அவங்க படிச்சவங்கய்யா. நான் எப்புடி சொல்றது?"

அதென்ன பிஸ்டியூலா?

நாம் நரம்பு என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. இதயத்திலிருந்து வேகமாக இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி. அது ஆழத்தில் இருக்கும். திரும்ப இதயத்துக்குக் கொண்டுவருவது நாளம். அது தோலுக்குக் கீழே நீலமாகத் தெரியும், ஆனால் மெல்லியது, வேகமும் குறைவு. டயலிசிஸ் மெஷினுக்கு ஒரு நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர் அளவில் இரத்தம் வேண்டும். நாம் குடிக்கும் தேத்தண்ணிக் கோப்பையில் ஒன்றரைக் கோப்பைக்கு மேல் வரும். சாதாரண நாளம் அதைக் கொடுக்காது. ஆகையால் சத்திரசிகிச்சை செய்து ஒரு நாடியையும் பக்கத்திலுள்ள நாளத்தையும் உள்ளேயே இணைத்து விடுகிறார்கள். ஆற்றுத் தண்ணீரை ஒரு சின்னக் கானில் திருப்பிவிட்டால் கான் அகன்றுபோகிறதல்லவா, அதேபோல அந்த நாளமும் நாளாக ஆக அகன்று தடித்து, பெரிய ஊசியைத் தாங்கும் நிலைக்கு வரும். அதற்கு ஆறு வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். சிலருக்கு முதல் தடவை சரிவராமலும் போகும். ஆகவே "மெஷினுக்குப் போற காலம் வரட்டும், அப்ப பாப்போம்" என்று சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

1960 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர் என்ற வைத்தியர், நோயாளியின் கையில் வெளியே தெரியும்படி ஒரு குழாயைப் பொருத்தினார். அது அடிக்கடி அடைபடும், கிருமியும் பிடிக்கும். 1966 இல் நியூயோர்க்கில் பிரெஸியா, சிமினோ, அப்பெல் ஆகியோர் நாடியையும் நாளத்தையும் உள்ளேயே இணைக்கும் இந்த முறையை வெளியிட்டார்கள். எத்தனையோ புது மெஷின்கள் வந்துவிட்டன, ஆனால் இன்றைக்கும் முதலில் விரும்பிப் போடுவது இதைத்தான். கழுத்தில் போடும் குழாய் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதன் வழியாகக் கிருமி நேரே இரத்தத்துக்குப் போகும் ஆபத்து கூட. நான் சொன்ன கவ்வாத்துக்காரருக்கும் கை அடைபட்ட பிறகு கழுத்துக் குழாய்தான் போட்டார்கள். காய்ச்சலும் குளிருமாக இரண்டு தடவை வாட்டில் கிடந்தார்.

காலையில் முதல் வேலை

பிஸ்டியூலா நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வைத்தியர் தேவையில்லை. இரண்டு விரலை அந்தத் தழும்பின் மேல் மெதுவாக வையுங்கள். ஸ்டோரு ஓடும்போது வெளிச்சுவரில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, அப்படித் தெரிய வேண்டும். காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் 'உஸ் உஸ்' என்று சத்தமும் கேட்கும். காலையில் எழும்பியதும் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை. உடம்புக்கு முடியாமல் போனாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, மெஷினில் பிரஷர் இறங்கினாலோ அன்றைக்கு இன்னும் கூடுதலாகப் பாருங்கள். வயிற்றோட்டம், வாந்தி என்று உடம்பு காய்ந்துபோனால் பிரஷர் இறங்கும், இரத்தம் மெதுவாகி உள்ளே கட்டிவிடும்.

அதிர்வு நின்றால் "சத்தம் நின்னுருச்சி, குணமாயிருச்சி" என்று நினைக்க வேண்டாம். இப்படி நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நின்றது தெரிந்தால் அன்றைக்கே, அந்த நேரமே, மெஷினுக்குப் போகும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சீக்கிரம் போனால் சிலவேளை அடைப்பை எடுத்துக் கையைக் காப்பாற்றலாம். நாள் போகப் போக அந்த வாய்ப்புக் குறையும். கண்டிக்கோ பேராதனைக்கோ போக வேண்டியவர்கள் காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றால், இரவே என்னிடமோ தோட்ட டிஸ்பென்சரியிலோ சொல்லி வையுங்கள்.

அந்தக் கையை எதுவும் இறுக்கக் கூடாது. கைக்கடிகாரம் வேண்டாம், வளையல் வேண்டாம். திருவிழாவில் கட்டும் காப்பு, மந்திரித்த கயிறு, பிரித் நூல் எதுவானாலும் மற்றக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். சாமி கோபிக்காது. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் சுவெட்டர் இல்லாமல் முடியாதுதான். ஆனால் இறுக்கமான கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விடுவது கயிறு போட்டுக் கட்டுவது மாதிரி. ரவிக்கையின் கையையும் அந்தப் பக்கம் கொஞ்சம் தளர்த்தித் தையுங்கள். அந்தக் கையைத் தலைக்கு வைத்தோ, அதன் மேல் சரிந்தோ தூங்கக் கூடாது.

வேலை செய்யலாமா என்று பெண்கள் கேட்கிறார்கள். கொழுந்து எடுக்க இரண்டு கையும் வேண்டுமே. விரலை அசைப்பதால் பிஸ்டியூலாவுக்குக் கேடு இல்லை. புண் ஆறியதும் ரப்பர் பந்தையோ சுருட்டிய துணியையோ பிடித்துப் பிடித்து விடச் சொல்வார்கள், நாளம் தடிக்கட்டும் என்று. கேடு செய்வது பாரமும் இறுக்கமும் காயமும். நிறைந்த கொழுந்துச் சாக்கை அந்த முழங்கையில் மாட்டிக்கொண்டு நிறுவைக்கு நடப்பது, விறகுக் கட்டு, பீலியிலிருந்து தண்ணீர் வாளி, இவையெல்லாம் மற்றக் கைக்குப் போகட்டும், அல்லது வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும். கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி கீறும், ஆகையால் தளர்வான முழுக்கைச் சட்டை போடுங்கள். கவ்வாத்துக் கத்தி, மருந்து டாங்கி வேலைகளுக்கு வைத்தியரைக் கேட்காமல் போக வேண்டாம். இலேசான வேலை கொடுக்கும்படி வைத்தியர் துண்டு கொடுத்தால் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டிராமல் பெரட்டில் காட்டுங்கள்.

மெஷினில் படுக்கும் முன் அந்தக் கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஊசி குத்திய பொருக்கைப் பிய்க்கக் கூடாது. எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதுவும் அதன் மேல் போட வேண்டாம். ஊசி இழுத்த பின் போடும் பட்டியை, தாதி சொன்ன நேரத்துக்கு மேல் கட்டி வைத்திருக்கவும் வேண்டாம், அதுவும் கையை அடைக்கும். சிவந்து சூடாகி வலித்தால், சீழ் வந்தால், குளிர்காய்ச்சல் வந்தால், அது கிருமி. விரல் நுனி குளிர்ந்து வெளிறி மரத்துப்போனால் கைக்குப் போதிய இரத்தம் போகவில்லை. இரண்டுக்கும் உடனே வைத்தியரிடம் போங்கள்.

பயப்பட வேண்டியது இரத்தப் பெருக்குக்குத்தான். சிலருக்குப் பல வருடம் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அந்த இடம் பலூன் மாதிரி புடைத்திருக்கும். புடைத்த தோல் மெலிந்து மினுமினுத்தால், அல்லது மேலே ஆறாத பொருக்கு இருந்தால், அது ஒரு நாள் வெடிக்கும். வெடிக்கும் முன்பே காட்ட வேண்டும். இரத்தம் வந்துவிட்டால் பதறாமல் உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். சின்னதாக மடித்த சுத்தத் துணியை அந்தத் துளையின் மேலேயே வைத்து, விரலால் அழுத்திக் கையை உயர்த்துங்கள். பெரிய துவாயைச் சுற்றினால் இரத்தம் துவாய்க்குள் போகுமே தவிர நிற்காது. கயிறு போட்டுக் கட்டவும் கூடாது. நின்றதா நின்றதா என்று விரலை எடுத்துப் பார்க்காமல் இருபது நிமிடம் பிடியுங்கள். மெஷினில் இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள், அதனால் அன்றைக்கு ஒரு சின்னக் கீறலும் கூட நேரம் ஒழுகும். அட்டை கடித்தாலும் அப்படித்தான். ஆனால் பீய்ச்சி அடித்தால் இருபது நிமிடம் பார்க்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கள், காசில்லை. சிக்னல் இல்லாத மலைகளில் இருப்பவர்கள் தோட்ட வண்டிக்கு ஆள் அனுப்புங்கள். வண்டியிலும் அழுத்திய விரலை எடுக்க வேண்டாம்.

இனி, வாய் திறந்து சொல்ல வேண்டிய விஷயம். பிஸ்டியூலாக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கக் கூடாது, சேலைனோ ஊசியோ ஏற்றக் கூடாது. மெஷினில் ஊசி போடப் பழகிய தாதிமார் மட்டும்தான் அதைத் தொடலாம். கண் கிளினிக்கிலும் பல் கிளினிக்கிலும் வேலை செய்பவர்களுக்கு உங்கள் கையைப் பற்றித் தெரிந்திருக்காது. அது அவர்கள் குற்றமும் இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள்! சொன்னால் கேட்பார்கள். தமிழ் தெரியாதவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மே அத்தே பிரஷர் பலன்ன எபா, மே அத்தின் லே கன்ன எபா." இந்தக் கையில் பிரஷர் பார்க்க வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம் என்று அர்த்தம். மயக்கமாகக் கிடந்தால் யார் சொல்வது? ஆகவே வீட்டில் உள்ளவர்களுக்கும், கூடப் போகும் ஆளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கவ்வாத்துக்காரருக்கு மூன்று மாதம் கழித்து முழங்கைக்கு மேலே புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இப்போது அவர் கிளினிக்கில் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உட்காருகிறார். அவருக்காக மூன்று மொழியிலும் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். பிஸ்டியூலா போட்டவர்கள் யாராவது இருந்தால் ஒரு நாள் மாலையில் ஒப்பீஸ் பக்கம் வாருங்கள், உங்களுக்கும் எழுதித் தருகிறேன். மழையில் நனையாமல் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும் கொண்டு வாருங்கள்.